அரைக் கோடி ரூபாய்க்கு ஒரு ஹேட்ச்பேக்: வாங்கலாமா என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

டிக்கி தனியாக நீண்டிராமல் பின் கதவோடு திறக்கும், நான்கே கால் மீட்டர் நீளமுள்ள ஒரு ஹேட்ச்பேக் காருக்கு அரைக் கோடி ரூபாய்க்கு மேல் கொடுக்கலாமா என்பது இந்தியாவில் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை பெரும்பாலும் கற்பனைக் கேள்வியாகவே இருந்தது. இன்று அப்படி இல்லை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 2025 மே மாதம் 53 லட்சம் ரூபாய் ஷோரூம் விலையில் இங்கே விற்பனைக்கு வந்தது; முதல் தொகுதியாக ஒதுக்கப்பட்ட 150 வண்டிகளும் விலையை அறிவிப்பதற்கு முன்பே பதிவாகித் தீர்ந்தன. அதற்கு மேல்படியில், 421 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடீஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் 2021 நவம்பரில் 79.5 லட்சத்துக்கு வந்திருந்தது. இந்த வகைக் கார் ஒன்றை வாங்க நினைப்பவர் பதிவுத்தொகை கட்டும் முன் எவற்றை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை கோல்ஃப் ஜிடிஐயை முன்வைத்து இங்கே சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் இந்தக் கார் வேறு எந்த வண்டியின் இடத்தை நிரப்பப் போகிறது என்று தெரியாமல், இந்த விலை தகுமா தகாதா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஏன் அப்படி என்பதை விளங்கிக்கொள்ள, இந்த வகைக் கார் எதற்காகப் பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். முதல் கோல்ஃப் ஜிடிஐ 1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் காட்டப்பட்டது. 1.6 லிட்டர் எஞ்சின், 110 குதிரைத்திறன், 810 கிலோ எடை. ஐயாயிரம் வண்டிகள் விற்றால் போதும் என்று தொடங்கிய அந்த முதல் தலைமுறை மட்டுமே நான்கரை லட்சத்துக்கு மேல் விற்றது. வார நாட்களில் அலுவலகத்துக்கும் கடைக்கும் போய்வந்து, பின் இருக்கையை மடித்தால் அலமாரியையும் ஏற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் விளையாட்டுக் கார்களோடு சமமாக ஓடக்கூடிய ஒரே வண்டி என்பதுதான் அதன் வெற்றிக்குக் காரணம். இரண்டு கார் வாங்க வசதியில்லாத, ஆனால் ஓட்டுவதில் ஆசை குறையாத நடுத்தர வர்க்கத்து ஐரோப்பியருக்காக உருவான தீர்வு அது. இன்றைய ஜிடிஐயில் 2 லிட்டர் டர்போ எஞ்சின், 265 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் இழுவிசை, ஏழு கியர் கொண்ட இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் எல்லாம் வந்துவிட்டன என்றாலும், அதன் அடிப்படை நியாயம் இன்னும் அதேதான்: ஒரு வண்டி, இரண்டு வேலை. அந்த இரண்டில் ஒரு வேலையைச் செய்ய உங்களிடம் ஏற்கெனவே வேறு வண்டி இருந்தால், நீங்கள் கொடுக்கும் விலையில் பாதிக்கு வேலையில்லாமல் போகிறது.

முதலில் விலையைப் பிரித்துப் பாருங்கள்

முழுவதுமாக வெளிநாட்டில் தயாராகி இறக்குமதியாகும் வண்டியின் விலை, அந்த வண்டிக்குள் இருக்கும் பொருளின் விலையைச் சொல்வதில்லை. துறைமுகத்துக்கு வந்து சேரும்போது 40,000 டாலருக்குக் குறைவான மதிப்புள்ள ஒரு காரின் அடக்க விலையை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் சுங்கவரி 70 விழுக்காடு சேர்ந்து 170 ஆகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு நடைமுறைக்கு வந்த 40 விழுக்காடு ஜிஎஸ்டி இந்த 170-இன் மேல் கணக்கிடப்படுவதால், தொகை 238 ஆகிறது. விநியோகஸ்தரின் பங்கு இதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டில் பதிவு செய்பவர், 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கான 20 விழுக்காடு ஆயுட்கால சாலை வரியையும் கட்ட வேண்டும். ஜிடிஐயின் அறிமுக விலையான 53 லட்சத்துக்கு அது மட்டுமே 10 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பவர் வசூலிக்கும் ஒரு விழுக்காடு வரியும் உண்டு. அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம் என்பதால் கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் ரசீதைத் தொலைக்கக் கூடாது.

இந்தக் கணக்கு வெறும் மனக்குறைக்காக அல்ல. அரசுக்குப் போன வரி மறுவிற்பனையில் திரும்பி வருமா என்பது அரசின் அடுத்த முடிவைப் பொறுத்தது. வரி குறைந்தால் புதிய வண்டியின் விலை இறங்கும்; அதோடு உங்கள் பழைய வண்டியின் விலையும் இறங்கும். இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலையில் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டன் கார்களுக்கான சுங்கவரியைப் படிப்படியாக 10 விழுக்காடு வரை குறைக்க வழிசெய்கிறது. மினி கூப்பர் எஸ் போன்ற ஆக்ஸ்ஃபோர்டில் தயாராகும் கார்களைப் பார்ப்பவர் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வரி மாறாவிட்டாலும், விற்பனை மந்தமானால் நிறுவனமே விலையைக் குறைக்கக்கூடும். 2016 நவம்பரில் 99 வண்டிகள் மட்டும் என்று சொல்லிச் சுமார் 26 லட்சத்துக்கு வந்த, ஃபோக்ஸ்வாகனின் மூன்று கதவு போலோ ஜிடிஐ, அடுத்த ஆண்டே சுமார் 20 லட்சத்துக்கு விற்கப்பட்டது. முதலில் வாங்கியவர் ஆறு லட்சத்தை ஒரே அறிவிப்பில் இழந்தார். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே விலை நிலைத்து நிற்கும் என்று நம்பி வாங்குவது சரியல்ல என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பிறகு, எதற்குப் பதிலாக என்று கேளுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் மையம் என்பதால் இங்கே சற்று நின்று பார்க்கலாம். ஒரு தாளை எடுத்து, இந்தக் காரை வாங்காவிட்டால் அந்தப் பணத்தில் உண்மையில் எதை வாங்குவீர்கள் என்று எழுதுங்கள். மனதில் அழகாகத் தெரியும் விடையை அல்ல, நடக்கக்கூடிய விடையை எழுத வேண்டும்.

ஒருவர் ஹூண்டாய் ஐ20 என் லைன் என்று எழுதுகிறார் என்று கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் அந்தக் காரில் 1 லிட்டர் டர்போ எஞ்சினும் 120 குதிரைத்திறனும் உண்டு. கையால் கியர் மாற்றும் வசதியும் கிடைக்கிறது. அதன் ஷோரூம் விலையை 12 லட்சம் என்று வைத்தால், 18 விழுக்காடு சாலை வரியும் இன்சூரன்ஸும் சேர்த்து 15 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கைக்கு வரும். ஜிடிஐ, முதலாண்டு இன்சூரன்ஸுக்கு இரண்டரை லட்சம் அளவில் ஒதுக்கினால், 66 லட்சத்தில் வந்து நிற்கும். இரண்டு வண்டியும் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஷோரூம் விலையில் பாதிக்கு விற்கும் என்று ஒரு பொது அனுமானம் வைத்துக்கொண்டால், ஜிடிஐயில் இழப்பு 39.5 லட்சம், ஐ20யில் 9 லட்சத்துக்கு உள்ளே. வித்தியாசம் சுமார் 31 லட்சம் ரூபாய்.

இப்போது இந்த 31 லட்சத்தை எல்லாக் கிலோமீட்டருக்கும் பங்கிடாதீர்கள். போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது இரண்டு கார்களின் எஞ்சினும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் அதில் எத்தனை கிலோமீட்டர் வளைவும் திறந்த சாலையும் உள்ள வழியில், அவசரமில்லாமல், தானே விரும்பி ஓட்டுகிறார் என்று கணக்கிட வேண்டும். கடந்த ஓராண்டில் போன பயணங்களை நினைவுகூர்ந்தால் பெரும்பாலானவர்களுக்கு 1,500-ஐத் தாண்டுவது கடினம். ஐந்து ஆண்டுகளுக்கு 7,500 கிலோமீட்டர். 31 லட்சத்தை அதனால் வகுத்தால், விரும்பி ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 400 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருமுறை ஏறி இறங்குவதற்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அந்தத் தொகை உங்களை உறுத்தவில்லை என்றால் வாங்கலாம்; உறுத்தினால் ஐ20யை வாங்கி, நல்ல டயர்களையும் பிரேக் பேடுகளையும் போட்டு, மிச்சப் பணத்தைச் சேமிப்பில் வைப்பது நல்லது. சிறிய எஞ்சினை முழுத் திறனுக்கும் ஓட்டுவதில் ஒரு நிறைவு இருக்கிறது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் மறுக்க மாட்டார்கள்.

இன்னொருவர் அதே தாளில் 50 லட்சம் ரூபாய் ஜெர்மானிய எஸ்யூவி என்று எழுதுகிறார். இவருடைய கணக்கே வேறு. மூன்று லட்சம் விலை வித்தியாசமும் அதன் சாலை வரியும் சேர்ந்து 3.6 லட்சம், மறுவிற்பனையில் ஒன்றரை லட்சம் திரும்பும் என்றால் நிகரக் கூடுதல் செலவு இரண்டு லட்சத்தை ஒட்டியது. விரும்பி ஓட்டும் கிலோமீட்டருக்கு 30 ரூபாய்கூட ஆகவில்லை. அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் எஸ்யூவி பெரும்பாலும் நுழைவு நிலை எஞ்சினோடு வரும். ஜிடிஐயோ தன் வகையின் உச்சியில் நிற்கும் கார். எப்படியும் அரைக் கோடி செலவழிப்பது என்று தீர்மானித்துவிட்ட, உயரமான வண்டி தேவைப்படாத குடும்பத்துக்கு இந்தக் கார் விலைக்குத் தகுந்ததே என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

மூன்றாவது வகையினர் எண்களைப் பார்த்து வாங்குபவர்கள். அவர்களுக்கு ஒரே ஒரு ஒப்பீடு போதும். பிஒய்டி சீல் மின்காரின் உயர்வகை 2024 மார்ச்சில் அதே 53 லட்சத்துக்கு அறிமுகமானது. 530 குதிரைத்திறன் கொண்ட அது 3.8 விநாடியில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொடுகிறது. ஜிடிஐக்கு 5.9 விநாடி ஆகிறது. நேர்க்கோட்டு வேகம்தான் வேண்டும் என்றால் ஹேட்ச்பேக்கைப் பார்ப்பதே வீண். ஆனால் அந்த மின்காரின் எடை 2,100 கிலோவுக்கு மேல். ஜிடிஐ அதைவிடப் பல நூறு கிலோ குறைவு. வளைவுக்குள் நுழையும்போதும், பிரேக்கை மிதிக்கும்போதும், திசை மாற்றும்போதும் உணரப்படுவது அந்த எடை வித்தியாசம்தான். அதைத் தாளில் இருக்கும் எந்த எண்ணும் சொல்லாது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்திலிருந்தே ஜிடிஐக்கு ஒரு போட்டியும் உண்டு. 2025 அக்டோபரில் 100 வண்டிகளாக 49.99 லட்சத்துக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், இதே 265 குதிரைத்திறன் எஞ்சினோடு 600 லிட்டர் டிக்கியையும் தருகிறது. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிறவர் அதையும் தாளில் எழுத வேண்டும்.

டெஸ்ட் டிரைவை எப்படிச் செய்வது

நம் நான்கு வழிச் சாலைகளில் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டியது. ஜிடிஐயின் உச்ச வேகம் 250. ஆகவே உச்ச வேகம், உச்சத் திறன் இரண்டையும் மறந்துவிட்டு, 40-இலிருந்து 90 வரை வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டும் சோதியுங்கள். பேருந்தைத் தாண்டும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தியவுடன் இழுவிசை வருகிறதா, கியர் இறங்கத் தயங்குகிறதா, ஈரச் சாலையில் முன் சக்கரம் பிடியை இழக்கிறதா என்பவையே அன்றாடம் பயன்படும் செய்திகள்.

ஷோரூமுக்கு முன்னால் இருக்கும் வழவழப்பான சாலையில் ஓட்டிவிட்டுத் திரும்பினால் ஒன்றும் தெரியாது. உங்கள் தெருவுக்கு வண்டியைக் கொண்டுவரக் கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் அடித்தளச் சரிவில் இறக்கி ஏற்றிப் பாருங்கள். வழக்கமாக உங்கள் தற்போதைய காரின் அடிப்பகுதி தட்டும் வேகத்தடையின் மேல் நான்கு பேரோடு ஏறுங்கள். இந்திய சாலைக் குழுமத்தின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான மேடாக இருக்க வேண்டும். நம் தெருக்களில் இருப்பவை எத்தகையவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஜிடிஐயின் டயர் அளவு 225/40 ஆர்18, அதாவது ரிம்முக்கும் சாலைக்கும் இடையே இருக்கும் ரப்பர் 9 சென்டிமீட்டர் உயரம்தான். ஐ20 என் லைனில் அது 10.7 சென்டிமீட்டர். 1.7 சென்டிமீட்டர் வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். மழைநீர் நிரம்பிய குழியில் விழும்போது ரிம் வளைவதா, டயரின் பக்கச்சுவர் வீங்குவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. ஸ்டெப்னி முழு அளவா, குறுகியதா, அல்லது பஞ்சர் ஒட்டும் பசை மட்டும்தானா என்று டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலுள்ள பெரியவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து எழுவது முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு முடியுமா என்பது, எஞ்சினின் திறனைவிட, இந்தக் கார் வீட்டில் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதை அதிகம் முடிவு செய்யும்.

கடன், இன்சூரன்ஸ், பந்தயத்தடம்

கடன் வாங்கி வாங்குவதானால் வட்டியையும் காரின் விலையில் சேருங்கள். 40 லட்சத்தை 9 விழுக்காட்டில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 83,000. வட்டி மட்டும் 9.8 லட்சம். ஆசைக்காக வாங்கும் இரண்டாவது காருக்கு இந்த வட்டி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதிக்கு மேல் கடன் தேவைப்பட்டால் ஓராண்டு காத்திருப்பது மேல்.

இன்சூரன்ஸில் காரின் மதிப்பு ஆண்டுதோறும் குறைக்கப்படுகிறது: இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் 20 விழுக்காடு, மூன்றாம் ஆண்டில் 30, ஐந்தாம் ஆண்டில் 50. வண்டி முழுவதும் சேதமானாலோ திருடுபோனாலோ இந்தக் குறைந்த தொகையே கைக்கு வரும். முதல் ஆண்டுகளில் பில் தொகை முழுவதையும் திருப்பித் தரும் கூடுதல் பாதுகாப்பையும், உதிரிபாகத்துக்குத் தேய்மானம் கழிக்காத பாதுகாப்பையும் கட்டாயம் எடுங்கள். சாதாரணப் பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் கிடைக்கும்; இறக்குமதிக் காரின் முன் பம்பரோ விளக்கோ உடைந்தால் அந்தப் பாதியே பெரிய தொகையாகிவிடும். ரிம்முக்கும் டயருக்கும் தனிப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்றும் கேளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் நேரும் சேதத்துக்குக் கார் இன்சூரன்ஸ் பொறுப்பேற்காது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டும், கோவை செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீடுவேயும் இருப்பது இங்குள்ள ஆர்வலர்களுக்குப் பெரும் பேறு. இந்தக் காரின் உண்மையான திறனைப் பிறருக்கு ஆபத்தில்லாமல் உணரக்கூடிய இடங்கள் அவைதான். பொதுச் சாலை அதற்கான இடம் அல்ல. ஆனால் அங்கே தடுப்பில் மோதினால் 66 லட்சமும் உங்கள் பொறுப்பு. பந்தயத்தடத்தில் ஓட்டுவதே முதன்மையான ஆசை என்றால், அடிபட்டாலும் மனம் உடையாத விலையில் ஒரு வண்டி வைத்திருப்பதே அறிவுடைமை. விலை உயர்ந்த ஹேட்ச்பேக்கைக் கைவிடச் சொல்ல எனக்கு வேறு எந்தக் காரணத்தைவிடவும் இது வலுவாகத் தெரிகிறது.

பழையது வாங்கலாமா?

முதல் உரிமையாளர் பெரிய தேய்மானத்தைத் தாங்கிய பிறகு, மூன்று அல்லது நான்கு வயதான வண்டியை வாங்குவது கணக்குப்படி சிறந்த வழி. ஆனால் இந்த வகைக் கார்களில் எஞ்சின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டியிருப்பது மிகச் சாதாரணம். விற்கும்முன் பழையபடி மாற்றிவிடுவதும் சாதாரணம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்களை அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கணினியோடு இணைக்கும்போது மென்பொருள் மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால், அது நிறுவனத்தின் பதிவில் ஏறிவிடும். பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டி கிடைப்பது அரிது. ஆகவே வெளி மெக்கானிக்கின் சான்று போதாது. வண்டியை நிறுவன சர்வீஸ் சென்டருக்கே எடுத்துச்சென்று, இந்த வண்டிக்கு வாரண்டி இன்னும் செல்லுமா என்று எழுத்தில் பெறுங்கள். நான்கு டயரும் ஒரே நிறுவனத்தினுடையதாக இல்லாவிட்டாலோ, பிரேக் டிஸ்க்கின் விளிம்பு தடித்து நடுப்பகுதி தேய்ந்திருந்தாலோ, மீட்டரில் ஓடிய தூரம் குறைவாக இருந்தாலும்கூட, வண்டி கடுமையாக ஓட்டப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

புதியது வாங்கும்போது பதிவுத்தொகை கட்டும் முன் மூன்று கேள்விகளுக்கு விநியோகஸ்தரிடம் எழுத்தில் விடை பெற வேண்டும். முன் கண்ணாடி, விளக்கு, சஸ்பென்ஷன் பாகங்கள் உள்நாட்டில் இருப்பில் உள்ளனவா, இல்லையென்றால் எவ்வளவு காலமாகும்? இந்த எஞ்சினைப் பழுதுபார்க்கப் பயிற்சி பெற்றவர் உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் இருக்கிறாரா, அல்லது வண்டி சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டுமா? ஒப்படைப்புக்கு முன் விலையோ வரியோ மாறினால் எந்த விலை செல்லும், பதிவை ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்புமா? எரிபொருளைப் பொறுத்தவரை, டேங்க் மூடியின் உட்புறத்தில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண்ணையும் எத்தனால் அளவையும் பார்த்து, அந்தப் பெட்ரோல் உங்கள் வழக்கமான பங்கில் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி வந்தபின், பதிவு செய்வதற்கு முன்பாகவே நேரில் போய்ப் பார்த்து, தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் சரிபார்க்க வேண்டும். கப்பலிலும் கிடங்கிலும் பல மாதம் நின்ற வண்டி முந்தைய ஆண்டுத் தயாரிப்பாக ஆர்.சி. புத்தகத்தில் பதிவானால், விற்கும் நாளில் அந்த ஓராண்டை வாங்குபவர் விலையில் கழித்துக்கொள்வார். அதற்கான தள்ளுபடியை முழுப் பணத்தையும் செலுத்துவதற்கு முன்பே கேட்டுப் பெற வேண்டும்.